பனிக்காலத்துப் புல்லே கணக்கு

வணக்கம், நேயர்களே.

மாடு வளர்க்கிற வீட்டாருக்கு ஒன்று தெரியும். மழைக்காலத்தில் புல் செழித்துக் கிடக்கும்போது எத்தனை மாடு வேண்டுமானாலும் கட்டலாம் என்று தோன்றும். வெயில் காலத்தில் தீவனம் தேடி அலையும்போதுதான் நமக்குக் கட்டுப்படியாவது எத்தனை என்பது விளங்கும். ஆல்ப்ஸ் மலையில் இது தலைகீழ். அங்கே கோடைதான் மேய்ச்சல் காலம். தட்டுப்பாடு வருவது பனிக்காலத்தில்.

அந்த மலையில் தோர்பெல் என்று ஒரு சிற்றூர். சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், விஸ்ப் நகருக்குத் தெற்கே, ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்று வாழ்பவர்கள் சுமார் ஐந்நூறு பேர். வயல், தோட்டம், புல் அறுக்கும் நிலம் எல்லாம் அவரவர் சொத்து. மேட்டுப் புல்வெளியும் காடும் தரிசும் ஊருக்குப் பொது. 1483-இல் ஊரார் கூடி இதற்கு ஆவணம் எழுதிக்கொண்டார்கள். வெளியார் ஊருக்குள் நிலம் வாங்கலாம். ஆனால் அதனால் பொதுப் புல்வெளியிலோ காட்டிலோ உரிமை வந்துவிடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

1517-இல் வந்த விதிதான் என் மனத்தை விட்டு அகலாதது. பனிக்காலத்தில் உன் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொதுப் புல்வெளிக்கு ஓட்டலாம். மறுபடியும் சொல்கிறேன்: மேலே இருக்கும் புல்லை அளக்கவில்லை, கீழே கொட்டகையில் இருக்கும் புல்லை அளந்தார்கள்.

ஏன் அப்படி? மலைமேல் எவ்வளவு புல் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வருடம் பனி சீக்கிரம் உருகும், ஒரு வருடம் ஜூனிலும் கிடக்கும். கொட்டகை அப்படியல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாலேயே மதிப்புப் போட்டுவிடுவார். ஒரு மாட்டுக்கு நாளைக்குப் பத்து கிலோ உலர்புல் என்று வையுங்கள். கொட்டிலில் 200 நாள் கட்டிப் போட்டால் 2 டன். உங்கள் நிலம் 6 டன் தந்தால் மூன்று மாடு, நான்காவது கிடையாது. வசந்தத்தில் சந்தையில் பத்து மாடு வாங்கி, ஊர்ப் புல்லில் கொழுக்க வைத்து, பனி விழுமுன் விற்றுவிடும் வழியும் அடைபட்டது. அளவு மீறி மேய்ந்தால் சரிவில் குளம்புகள் புல்தரையைக் கிழிக்கும். அடுத்த மழையில் மண் வழிந்து ஓடிவிடும். அந்த மண் திரும்பி வராது.

மாடுகள் மேலே ஏறியதுமே எண்ணிவிடுவார்கள். அந்த எண்ணிக்கைப்படிதான் பருவ முடிவில் பாலாடைக்கட்டி பங்கு கிடைக்கும். வரம்பு மீறினவர்களுக்கு அபராதம் போட ஊர் ஓர் அதிகாரியை வைத்திருந்தது; வசூலில் பாதி அவருக்கு. கண்காணிப்பவருக்கும் அதில் பலன் உண்டு என்பதைக் கவனியுங்கள். ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் இவ்வூரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பொதுச் சொத்தை ஊராரே விதி வகுத்துக் காக்க முடியும் என்ற தன் வாதத்துக்கு அந்த ஆய்வை முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்ட அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ராம் 2009-இல் பொருளியல் நோபல் பெற்றார்.

சரி, கொட்டகைக்குப் புல் எங்கிருந்து வருகிறது? இரு பக்கமும் உயர்ந்த மலைகள் மழையை வாங்கிக்கொள்வதால் வாலிஸ் வறண்ட பள்ளத்தாக்கு. விஸ்ப் நகரில் வருட மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதனால் உயரத்து ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். உள்ளூரில் சுவோனென் என்பார்கள். வாய்க்காலின் சரிவு கூடினால் தண்ணீர் அடிமண்ணை அரிக்கும், குறைந்தால் வண்டல் தங்கும். பாறை குறுக்கிட்ட இடத்தில் மரத்தால் செய்த வாய்க்காலைத் தொங்கவிட்டார்கள். ஆண்டுதோறும் தண்ணீர் விடுமுன் ஊரே கூடி உருண்ட கல், முறிந்த கிளை, சேறு எல்லாம் அள்ளியாக வேண்டும்.

உடைப்பு ஏற்பட்டால் கொட்டுகிற தண்ணீர் கீழே இருக்கும் புல்வெளியையே அரித்துக்கொண்டு போகும். வாய்க்காலோ பல கிலோமீட்டர். ராத்திரியில் வாய்க்காலைக் காக்கும் ஆள் எப்படி அறிவார்? ஓடும் நீரில் ஒரு சிறு சக்கரம், அதனால் இயங்கும் ஒரு மரச் சுத்தியல், எதிரே ஒரு பலகை. தண்ணீர் ஓடும்வரை டக், டக், டக் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு. உடனே ஓடி, மேலே தலைமடையை அடைக்க வேண்டும். வானொலிக்கு முன் அமர்ந்திருக்கும் உங்களுக்கு இதை விளக்கப் படமே தேவையில்லை.

தண்ணீர் முறை வந்தவர் வாய்க்காலில் தட்டையான பலகைக்கல்லைக் குறுக்கே செருகுவார். தண்ணீர் கரை வழிந்து புல்மேல் பரவும். நனைந்ததும் கல்லைப் பிடுங்கி, சில அடி தள்ளி மறுபடி செருகுவார். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை மரக்குச்சிகளில் வெட்டுக் குறியாகப் பதித்து வைத்திருந்தார்கள். எழுத்துத் தெரியாதவரும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பாசன முறையை 2023-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நேரம் நெருங்கிவிட்டது, காட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வழியில்லை, சுருக்கமாக ஒன்று. வெட்ட வேண்டிய மரங்களில் முதலில் குறி போடுவார்கள். வீடுகள் குழுக்களாகச் சேர்ந்து வேலையைச் சமமாகப் பிரித்து, வெட்டி, இழுத்து வந்து, ஏறக்குறைய சம அளவுக் குவியல்களாக அடுக்கும். எந்தக் குவியல் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அடுக்கும்போது தன் குவியல் எது என்று ஒருவருக்கும் தெரியாது.

நன்றி, வணக்கம்.