தொடையில குழி விழுறது ஏன்? கிரீம்ல இருந்து ஊசி வரைக்கும்

(திரையில்: தொடைத் தோல், பக்கவாட்டு வெளிச்சத்தில்)

தொடையிலயும் பிட்டத்திலயும் தோல் மேடு பள்ளமா தெரியுதா? இதுதான் செல்லுலைட். வயசுக்கு வந்த பெண்கள்ல 80 முதல் 90 சதவீதம் பேருக்கு ஓரளவாவது இருக்கு, ஒல்லியா இருக்கறவங்களையும் சேர்த்துத்தான். இது நோய் இல்ல. அப்படியே விட்டாலும் உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது.

(திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம்)

தோலுக்கு அடியில கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளா இருக்கு. நடுவுல ஓடுற நார்ப்பட்டைகள், தசை மேல இருக்கற உறையோட தோலைக் கட்டி வைக்குது. இலவம்பஞ்சு மெத்தையில தையல் போட்ட இடம் உள்ள இழுத்து, சுத்தியிருக்கற பஞ்சு உப்பி நிக்குமே, அதே கதைதான். பெண்களுக்கு இந்த நார்கள் பெரும்பாலும் செங்குத்தா இருக்கு. ஆண்களுக்குச் சாய்வா, குறுக்கும் நெடுக்குமா பின்னியிருக்கு, தோலும் தடிமன். அதனாலதான் ஆண்களுக்கு இது அபூர்வம்.

எடை குறைச்சா போயிடுமான்னுதான் நிறைய பேர் கேக்கறாங்க. மேடு கொஞ்சம் அமுங்கும். நார் இழுக்கறது மாறாது. வேகமா இளைச்சா தோல் தொளதொளத்து, குழி இன்னும் எடுப்பாத் தெரியலாம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கற லைபோசக்ஷன் இதுக்கான வைத்தியமே இல்ல, சில பேருக்கு மேடு பள்ளத்தைக் கூட்டியும் விட்டுடும்.

முதல்ல உங்க நிலை என்னன்னு பாருங்க. கண்ணாடி முன்னாடி நின்னு, வெளிச்சம் பக்கத்துல இருந்து விழுற மாதிரி வச்சுக்கங்க. கிள்ளிப் பிடிச்சா மட்டும் குழி தெரிஞ்சா முதல் நிலை. சும்மா நின்னாலே தெரிஞ்சு, படுத்தா மறைஞ்சா இரண்டாவது. படுத்தும் தெரிஞ்சா மூணாவது.

முதல் நிலைக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம்ங்கறது எங்க கருத்து. ஆசைப்பட்டா 0.3 சதவீத ரெட்டினால் கிரீம் போடலாம். அது தோலைத் தடிமனாக்கி குழியைக் கொஞ்சம் மறைக்கும், ஆனா ஆறு மாசமாவது விடாம போடணும். கர்ப்பமா இருந்தா தொடவே கூடாது. காஃபின் கிரீம் கொஞ்ச நேரம் இறுக்கிக் காட்டும், நிறுத்தினா பழைய கதை. ரேடியோ அலை, மசாஜ் மெஷின்களும் ஏறக்குறைய இப்படித்தான்: திரும்பத் திரும்பப் போகணும்.

(திரையில்: மார்க்கர் பேனாவால் குழிகளைச் சுற்றி வட்டம்)

தனித்தனியா, ஆழமா விழுந்த குழிக்கு நல்லா வேலை செய்யறது சப்சிஷன். உங்களை நிக்க வச்சுத்தான் டாக்டர் குழிகளைக் குறிப்பார், படுத்தா பாதி குழி காணாமப் போயிடும். அப்புறம் குப்புறப் படுக்க வச்சு, அட்ரினலின் கலந்த லிடோகெயின் போட்டு மரத்துப்போக வைப்பாங்க. தோலுக்குக் கீழ ஊசியை நுழைச்சு, இழுத்துப் பிடிச்சிருக்கற அந்த நாரை மட்டும் அறுப்பாங்க. ஒரு கருவி இதையே 6 அல்லது 10 மில்லிமீட்டர் ஆழத்துல செய்யுது; மூணு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுல அதோட பலன் நின்னிருக்கு.

தப்பு எங்க நடக்கும்? ஒரே இடத்துல அகலமா அறுத்துட்டா தாங்கிப் பிடிக்க நார் இல்லாம கொழுப்பு பிதுங்கி, குழி இருந்த இடத்துல மேடு வந்துடும். நீர் கோக்கவும் செய்யும். ரத்தக்கட்டு எல்லாருக்குமே வரும். நம்ம நிறத் தோல்ல அது ஆறினப்புறமும் பழுப்புக் கறை மாசக்கணக்குல நிக்கலாம். அதனால டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் இறுக்கமான கம்ப்ரெஷன் உடையைக் கழட்டாதீங்க. ரத்தத்தை இளக வைக்கற மாத்திரை சாப்பிடறவங்க முன்கூட்டியே சொல்லணும், தானா நிறுத்தக் கூடாது.

நாரைக் கரைக்கற கொலாஜினேஸ் ஊசிக்கு 2020-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ரத்தக்கட்டும் நிறமாற்றமும் கவலையைக் கிளப்ப, 2022 கடைசியில கம்பெனியே தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சுது. இன்னும் யாராவது அதை விளம்பரப்படுத்தினா ஜாக்கிரதை.

(திரையில்: இரண்டு கால்கள், கணுக்கால் வரை)

ரெண்டு காலும் ஒரே மாதிரி பருத்து, அமுக்கினா வலிச்சு, லேசா இடிச்சாலே கன்னிப்போய், பாதம் மட்டும் ஒல்லியா இருந்தா அது லிப்பிடீமாவா, அதாவது கால்ல கொழுப்பு அளவுக்கு மீறி சேர்ற நோயா இருக்கலாம். அதுக்கு அழகு நிலையம் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. ஒரு கால் மட்டும் சிவந்து, சூடா வீங்கி, காய்ச்சலும் இருந்தா அது கிருமித் தொற்றா இருக்கலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.