மஞ்சளின் இருபது ஹைட்ரஜன்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் எந்தெந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன என்று காட்டும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையைக் கணினியில் வரைவது பற்றி ஈரோட்டில் நின்று பேசும்போது, மஞ்சளை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மாசியில் புது மஞ்சள் குவிந்திருந்த மண்டியில் விரலி வேறு, கிழங்கு வேறாகப் பிரித்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் என் வேலையைக் கேட்டறிந்து, “அப்ப மஞ்சளுக்குள்ள என்ன இருக்குதுன்னு கம்ப்யூட்டர்லயே பாத்துப்போடலாமுங்களா?” என்றார். பாதி பார்க்கலாம் என்றேன்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினில் 20 ஹைட்ரஜன்கள் உள்ளன. காந்தப்புலத்தில் ஒவ்வொன்றின் கருவுக்கும் இரண்டு நிலைகள் என்பதால், மொத்தம் 10,48,576 நிலைகள் ஆகின்றன. இதை அப்படியே அணியாக எழுதினால் ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் வரும். உறுப்புக்கு 16 பைட் என்றாலும் 17 டெராபைட்டைத் தாண்டும்.

நல்லவேளையாக, திரவமே நமக்குக் கைகொடுக்கிறது. கரைசலில் மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை புரள்வதால், திடப்பொருளில் பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அளவுக்கு இருக்கும் இருமுனை இணைவு, அதாவது கருக்கள் சிறு காந்தங்களாக ஒன்றையொன்று நேரடியாகப் பாதிப்பது, சராசரியில் அழிந்து, கோட்டின் அகலத்தில் மட்டும் தடம் விட்டுச் செல்கிறது. பிணைப்புகளின் வழியே வரும் மெல்லிய இணைவுதான் எஞ்சுகிறது. அதுவும் சில பிணைப்புகள் தாண்டினால் தேய்ந்துவிடும். ஆகவே வளையத்து மூன்று ஹைட்ரஜன்களுக்கு 8 நிலைகள், சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு ஜோடிக்கு 4 நிலைகள் எனப் பிரித்துக்கொண்டால் காகிதத்திலேயே போட்டு முடிக்கலாம். இப்படிப் பிரிக்க முடியாத பெரிய மூலக்கூறுகளுக்கு, தொலைவிலுள்ள பல கருக்கள் ஒருசேரப் பின்னும் நிலைகளை மட்டும் கழித்துவிடும் வழியை ஆய்வாளர் இலியா குப்ரோவும் உடன் பணியாற்றியோரும் 2007-இல் வெளியிட்டனர்.

வேதிப்பெயர்ச்சியில், அதாவது சூழலைப் பொறுத்து ஒவ்வொரு கருவின் கோடும் இடம் மாறி நிற்பதில்தான் சிக்கல். எலக்ட்ரான்கள் கருவைக் காந்தப்புலத்திலிருந்து எவ்வளவு மறைக்கின்றன என்பதற்கான கோட்பாட்டை இயற்பியலாளர் ராம்சே 1950-இலேயே தந்துவிட்டார். இன்று எலக்ட்ரான் அடர்த்தியை அடிப்படையாகக் கொண்ட அடர்த்திச் சார்பு முறையில் மடிக்கணினியே அதைக் கணக்கிடும். ஆனால் நாம் கணக்கிடுவது பெரும்பாலும் வெற்றிடத்தில் தனியே மிதக்கும் மூலக்கூறை. குர்குமினின் ஃபீனால் ஹைட்ரஜன், அதாவது வளையத்து ஹைட்ராக்சில் தொகுதியில் உள்ளது, குளோரோஃபார்ம் கரைசலில் 5.9 பிபிஎம் அருகே தெரியும் (ஒரு பிபிஎம் என்பது கருவியின் அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). டைமெத்தில் சல்ஃபாக்சைடில் அதுவே 9.7 அருகே போய் நிற்கும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் இது ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸ் இடைவெளி. நாம் பாடுபட்டுக் கணக்கிட்ட இரட்டைப் பிணைப்பு ஜோடியின் இணைவோ 16 ஹெர்ட்ஸ்தான்!

தொடக்கக் காலத்தில் நானே இந்தக் கோடு பொருந்தாததைக் கண்டு கருவியைத்தான் சந்தேகித்தேன். கரைப்பானை மூலக்கூறைச் சுற்றிய சீரான ஊடகமாக வைத்தும் கோடு போதுமான அளவு நகரவில்லை. ஹைட்ராக்சில் தொகுதியை நோக்கி ஒரு சல்ஃபாக்சைடு மூலக்கூறின் ஆக்சிஜனைத் திருப்பி வைத்து, ஹைட்ரஜன் பிணைப்பு உருவாக விட்ட பிறகே அது இடம்பெயர்ந்தது. அந்த மூலக்கூறும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அணுக்களின் அசைவைக் கணினியில் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியலில் கரைசலை ஓடவிட்டு, நூற்றுக்கணக்கான தருணங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மறைப்பைக் கணக்கிட்டுச் சராசரி காண வேண்டும். என் ஆய்வகத்தில் கணினி நேரத்தின் பெரும்பகுதி இன்று இந்த ஒரு ஹைட்ரஜனுக்கே போகிறது.