பாறை குடித்த திரவத்துக்குக் கணக்கு

நண்பர்களே,

பாறையைப் பிளந்து எண்ணெயோ எரிவாயுவோ எடுக்க, ஒரு கிணற்றில் 1,000 கனமீட்டர் திரவத்தை அழுத்திச் செலுத்துகிறோம் என்று வையுங்கள். பம்ப் நின்ற கணத்தில் பாறைப் பிளவின் கொள்ளளவு 300 கனமீட்டர்தான். மீதி 700 எங்கே? பிளவின் இரு சுவர்களும் குடித்துவிட்டன. திரவத் திறன் 30 சதவீதம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

1957இல் கார்ட்டர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விதி தந்தார். சுவர் திறந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கசிவு வேகம் குறையும். 1ஆம் நிமிடத்தில் இருந்த வேகம் 4ஆம் நிமிடத்தில் பாதி. 9ஆம் நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிளவின் நுனி எப்போதும் புதுச்சுவர் என்பதால் அங்கேதான் தாகம் அதிகம்.

ஆய்வகத்தில் பாறைத் துண்டு ஒன்றின் வழியே, கிணற்றில் செலுத்தப்போகும் ஜெல் திரவத்தை வடியவிட்டு, வடிந்த அளவை நேரத்தின் வர்க்கமூலத்தோடு வரைவார்கள். கோட்டின் சாய்விலிருந்து கசிவுக் குணகம் கிடைக்கும். கோட்டைப் பின்னுக்கு நீட்டினால், சுவரில் படலம் படியுமுன் சட்டென்று உள்ளே போன ஸ்பர்ட் இழப்பும் தெரியும். அழகான சோதனை. ஆனால் அதை மட்டும் நம்பி வேலையைத் திட்டமிட நான் சம்மதிக்க மாட்டேன். கையகலத் துண்டில் இல்லாத இயற்கை வெடிப்புகள் கீழே இருக்கும்.

ஆகவே கிணற்றையே கேட்க வேண்டும். அதற்குத்தான் மினி-ஃப்ராக். பிளவு மூடாமல் தாங்கி நிற்கும் மணல் போன்ற துகள்களை, அதாவது புரொப்பன்ட்டை, கலக்காமல் கொஞ்சம் திரவம் செலுத்தி, பம்பை நிறுத்தி, அழுத்தம் இறங்குவதைக் கவனிப்பது. 1979இல் நோல்ட்டி என்ற ஆய்வாளர் காட்டிய வழியில், நேரத்தை ஜி என்ற அளவாக மாற்றிக்கொள்கிறோம். ஸ்பர்ட்டை ஒதுக்கிவிட்டால், பிளவு மூடும்போதுள்ள ஜியை, அதோடு 2 கூட்டி வகுத்தால் திறன் வந்துவிடும். ஜி 2 என்றால் 50 சதவீதம்; 1 என்றால் 33.

கேட்க எளிது. மூடிய கணம் எது என்பதில்தான் சண்டையே! ஜி கூடக் கூட அழுத்தம் இறங்கும் வீதத்தை அந்த ஜியால் பெருக்கி, ஜிக்கு எதிரே வரைந்தால், சாதாரணக் கசிவில் ஆதிப்புள்ளியிலிருந்து நேர்க்கோடு எழும். அதிலிருந்து கீழே விலகும் இடமே மூடல். கோட்டுக்கு மேல் திமில் தெரிந்தால், அழுத்தத்தில் வெடிப்புகளும் வாய்திறந்து குடித்திருக்கின்றன என்று பொருள். திமில் முடியுமிடத்தையே மூடல் என்று குறித்துவிட்டால் திறன் தப்பாக வரும்.

அந்தத் தப்பு நேராகப் பேடில், அதாவது புரொப்பன்ட்டுக்கு முன்னால் போகும் வெறுந்திரவத்தில், போய் நிற்கும். நோல்ட்டியின் கணக்கில் திறன் 50 சதவீதமானால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பேட் போதும். 30 சதவீதமானால் 54 சதவீதம் தேவை. பேட் முன்கூட்டியே தீர்ந்தால் புரொப்பன்ட் பிளவுக்குள் அடைத்து, அழுத்தம் எகிறி, வேலை பாதியில் நிற்கும். பேட் மிஞ்சினாலும் சும்மா விடாது: மூடத் தாமதமாகும், அதற்குள் புரொப்பன்ட் அடியில் படிந்து, பிளவின் மேற்பகுதி தாங்குவாரின்றி மூடிக்கொள்ளும்.