பெயில்ல வெளிய வர்றவங்க கையில என்ன பேப்பர் இருக்கணும்?

வணக்கம் மக்களே. நம்ம இ-சேவை கடை கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புலதான் இருக்குன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். பட்டா, வருமானச் சான்றுன்னு வர்றவங்களோட சேர்ந்து, ஜெயில்ல இருந்து அப்பத்தான் வெளிய வந்தவங்களும் வருவாங்க. "அண்ணே, ஆதாரை மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க"ம்பாங்க. ஆதார் நம்பர் என்னப்பான்னா தெரியாது. போன் நம்பர் சொல்லு, ஓடிபி வரும்னா, அந்த சிம்மே இப்ப இல்லை. இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம்.

யாரு என்ன தப்பு பண்ணாங்கங்கற பஞ்சாயத்தை கமெண்ட்ல ஆரம்பிச்சிராதீங்க. 2022 தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாடு முழுக்க ஜெயில்ல இருந்தவங்க 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. அதாவது நாலுல மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரலை. நம்ம ஊர் கிளைச்சிறை, சப்-ஜெயில்னு சொல்றோமே, அங்க இருக்கறவங்கள்ல பெரும்பாலும் இவங்கதான்.

சரி, பேப்பர் எங்க தொலையுது? அரெஸ்ட் ஆன அன்னிக்கே தொலைஞ்சிருது. பர்ஸு, போனு எல்லாத்தையும் ஸ்டேஷன்ல வாங்கி வச்சிருவாங்க. நம்மாளுங்க ஆதார், லைசென்ஸ், ஏடிஎம் கார்டு மொத்தத்தையும் போன் கவருக்குள்ளதான சொருகி வச்சிருப்பாங்க! அந்த போன் 'கேஸ் சொத்து'ன்னு, அதாவது வழக்குக்கான சாட்சிப் பொருள்னு போச்சுன்னா, திரும்ப வாங்க கோர்ட்ல தனியா மனு போடணும். ஆள்கிட்ட எடுத்த சாமானுக்கு ரசீது குடுக்கணும்னு சட்டமே சொல்லுது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசி-ல 51, அதுக்குப் பதிலா இப்ப இருக்கற பிஎன்எஸ்எஸ்-ல 49வது பிரிவு. அந்த ரசீதை யாரும் கேட்டு வாங்கறதில்லை. வக்கீல்கிட்ட சொல்லி அதைக் கேட்டு வாங்குங்க.

அடுத்தது சிம். ஆள் உள்ள இருக்காரு, போன் போலீஸ்கிட்ட. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லைன்னா கம்பெனிக்காரன் நம்பரை கட் பண்ணலாம். அப்புறம் அதே நம்பரை வேற யாருக்காவது குடுத்துருவான். ஆனா ஆதார்ல பதிஞ்சிருக்கறது பழைய நம்பர்தான். இவரோட ஓடிபி எவனோ ஒருத்தனுக்குப் போகும். சரி, புது சிம் வாங்கலாம்னு போனா கடைக்காரர் ஆதார் கேக்கறாரு. ஆதாரை டவுன்லோடு பண்ணலாம்னா சிம் வேணும். பேங்க்ல கேஒய்சி கேக்கறான். செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும் முதல்ல ஆதார் ஜெராக்ஸ்தான்.

கண்டிஷன் பெயில்ல வர்றவங்க பாடு இன்னும் மோசம். வெளியூர்ல தங்கி, தினமும் காலையில 10.30 மணிக்கு அந்த ஊர் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்னு ஆர்டர் இருக்கும். தங்கணும்னா லாட்ஜ். லாட்ஜ்ல ஐடி இல்லாம ரூம் குடுக்க மாட்டாங்க, அவங்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு பையன் கையில பெயில் ஆர்டர் ஜெராக்ஸை வச்சிக்கிட்டு, "இதுல என் பேரு, அப்பா பேரு, அட்ரஸ் எல்லாம் இருக்கேண்ணே, இது செல்லாதா?"ன்னு கேட்டான். போட்டோ இல்லையேப்பான்னு சொல்றதுக்கே எனக்கு சங்கடமா இருந்துச்சு.

எனக்கு எங்க எரிச்சல் வருதுன்னா, ஒரு ஆளை ஜெயில்ல சேர்க்கறப்போ போட்டோ எடுக்கறாங்க. இடது தோள்ல ஒரு மச்சம், வலது முழங்கால்ல ஒரு தழும்புன்னு அங்க அடையாளம் எழுதிக்கறாங்க. ரிலீஸ் ஆகற அன்னிக்கு, ஆள் மாறிப் போயிரக்கூடாதுன்னு கேட்டுல நிறுத்தி அப்பா பேரு கேட்டு, சட்டையை விலக்கி அந்த மச்சத்தையும் பாத்துட்டுத்தான் விடறாங்க. இவரு யாருன்னு அரசாங்கத்துக்கு அந்த நிமிஷம் தெரிஞ்ச அளவுக்கு வேற எப்பவும் தெரியாது. அடுத்த நிமிஷம் ரோட்டுக்கு வந்தா, இவரு யாருன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அதுவும் பொழுது சாஞ்ச நேரத்துலதான் பெரும்பாலும் விடுவாங்க, எந்த ஆபீஸும் திறந்திருக்காது.

அதனால நான் சொல்றது, இந்த வேலையை ஆள் உள்ள இருக்கறப்பவே முடிச்சிரணும். அதுக்கு வழியும் இருக்கு. ஜெயில்ல இ-பிரிசன்ஸ் கம்ப்யூட்டர்ல ஆளைச் சேர்க்கறப்போ ஒரு பதிவு உருவாகும், பிரிசனர் இண்டக்ஷன் டாகுமென்ட்னு பேரு. ஜெயில் அதிகாரி கையெழுத்தும் சீலும் போட்டா, அதையே ஆதார் எடுக்கவும் திருத்தவும் ஆவணமா ஏத்துக்கறோம்னு ஆதார் ஆணையம் ஒத்துக்கிடுச்சு. ஜெயிலுக்குள்ளயே கேம்ப் போடுங்கன்னு மத்திய உள்துறையும் மாநிலங்களுக்கு எழுதிச்சு. உங்க ஊர்ல கேம்ப் நடந்துச்சான்னு மனு பார்க்கப் போறப்போ, அதாவது ஜெயில்ல இருக்கறவரைப் பார்க்கப் போறப்போ கேளுங்க. மனு பார்க்கப் போற நம்மகிட்ட ஆதார் கேக்கறாங்கல்ல, உள்ள இருக்கறவருக்கு ஆதார் இருக்கான்னு நாமளும் கேக்கலாம், தப்பில்லை.

வீட்ல இருக்கறவங்க பண்ண வேண்டியது இன்னும் சுலபம். அவரோட சிம்முக்கு நம்பர் சாகாத அளவுக்கு ரீசார்ஜ் போடுங்க. சிம் போலீஸ்கிட்ட இருந்தாலும் நம்பர் உயிரோட இருந்தா, வெளிய வந்து டூப்ளிகேட் கேக்கலாம். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பழைய ஸ்கூல் டிசி, எது கிடைச்சாலும் ஸ்கேன் பண்ணி உங்க வாட்ஸ்அப்ல வச்சுக்கங்க.

ஏற்கெனவே வெளிய வந்துட்டீங்கன்னா, தாலுகா ஆபீஸ் இல்லைன்னா போஸ்ட் ஆபீஸ்ல இருக்கற ஆதார் மையத்துக்குப் போங்க. என் கடையில அந்த மெஷின் கிடையாது. நம்பரே ஞாபகம் இல்லைன்னாலும் பேரு, பிறந்த தேதி, பின்கோடு சொல்லி கைரேகை வச்சா தேடி பிரிண்ட் எடுத்துத் தருவாங்க. புது போன் நம்பரைப் பதியறதுக்கு எந்த ஆவணமும் தேவையில்லை, கைரேகை போதும், கட்டணம் 75 ரூபாய். ப்ரூஃப் இல்லாம முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புது சிம் மட்டும் அதுக்கு முன்னாடி வீட்டாளுங்க பேர்ல ஒண்ணு வாங்கிக்கங்க.

ஜாமீன்தார் விஷயத்தையும் சொல்லிடறேன். ஹைகோர்ட் பெயில் ஆர்டர்ல, ஜாமீன் போடறவங்க போட்டோ, இடது பெருவிரல் ரேகை, கூடவே ஆதார் இல்லைன்னா பேங்க் பாஸ்புக் நகல்னு எழுதியிருக்கும். "இல்லைன்னா"ங்கறதைக் கவனிங்க, பாஸ்புக் இருந்தாலும் ஆள் நிக்கலாம். பெயில் கிடைச்சும் 7 நாள்ல வெளிய வர முடியலைன்னா, ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. அவங்க தெரிவிக்கலைன்னா நீங்களே 15100-க்கு போன் போடுங்க. இலவச சட்ட உதவி நம்பர் அது. பேசறப்போ கேஸ் நம்பர், எந்த கோர்ட்டு, எந்த ஜெயில், இந்த மூணையும் பேப்பர்ல எழுதிக் கையில வச்சுக்கங்க. கேஸ் சொத்தா போன போனைத் திரும்ப வாங்கற மனுவைப் பத்தி ஒரு வக்கீலைக் கூப்பிட்டு உக்கார வச்சு அடுத்த வீடியோவுல பேசறேன். கேள்வி இருந்தா கீழ போடுங்க, கேஸ் நம்பரை மட்டும் கமெண்ட்ல போட்டுராதீங்க.