60 லட்சம் என்ற எண்ணிலிருந்து ஒரு மனிதருக்கு

அடுத்த கேள்வி ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து வந்திருக்கிறது. "நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்று படித்தேன். எண் நினைவில் நிற்கிறது, மனம் அசையவில்லை. அந்த மண்ணோடு எனக்கு எந்த உறவும் இல்லை. எப்படி நெருங்குவது?"

உங்கள் மனத்தில் குறை ஒன்றும் இல்லையம்மா. 60 லட்சம் பேருக்காக யாராலும் அழ முடியாது. ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மிக்லோஷ் ராட்னோட்டியைச் சொல்வேன். 1909இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஹங்கேரியக் கவிஞர். 1943இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார், ஆனால் சட்டம் பிறப்பைத்தான் பார்த்தது. 1944இல் கட்டாய உழைப்புக்காக அவரை செர்பியாவில் பொர் என்னும் ஊரின் செப்புச் சுரங்கப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் கவிதைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று மனைவி ஃபன்னிக்குக் கடிதம். வானத்தின் நீலத்தில் அவள் கண்களைப் பார்க்கிறார். உடனே வானம் இருள்கிறது, விமானத்தில் இருக்கும் குண்டுகள் விழத் துடிக்கின்றன. மனைவியை நிம்மதியாக நினைத்துப் பார்க்கக்கூட அந்த மனிதரை விடவில்லை, பாருங்கள்.

பிறகு கைதிகளை ஹங்கேரி வழியாக மேற்கே நடத்தியே ஓட்டிச் சென்றார்கள். நடையின் நடுவிலும் எழுதினார். கடைசிக் கவிதையின் தேதி 1944 அக்டோபர் 31. சுடப்பட்ட தோழரின் அருகில் தான் விழுந்ததையும், தனக்கும் இதே முடிவுதான் என்பதையும் அதில் எழுதுகிறார். நவம்பரில் அப்தா கிராமத்தருகே அவரையும் சுட்டுப் புதைத்தார்கள். 1946 ஜூனில் குழியைத் தோண்டியபோது அவருடைய உடுப்பின் பையில் அந்த நோட்டு இருந்தது. இதைப் புடாபெஸ்டில் இருக்கும் என் நண்பரிடம் சேர்த்துவிடுங்கள் என்று ஐந்து மொழிகளில் அதில் எழுதி வைத்திருந்தார். யார் கையில் கிடைக்கும் என்று தெரியாதல்லவா? ஃபன்னி 2014இல், தம் 101ஆம் வயதில்தான் காலமானார்.

கொல்லப்பட்ட மற்றவர்களின் குடும்பக் கதைகளுக்கு, எருசலேமில் உள்ள யாத் வஷெம் என்னும் யூதப் படுகொலை நினைவகத்தின் சாட்சியப் பக்கங்களைப் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கின்றன. இறந்தவரின் பெயர், பெற்றோர், பிறந்த ஊர், தொழில் என்று பிழைத்திருந்த உறவினர்கள் நிரப்பிக் கொடுத்தவை. சில பக்கங்களில் கட்டங்கள் காலியாகவே இருக்கும். விவரம் தெரிந்த மற்றவர்களும் இறந்துபோயிருப்பார்கள். குடும்ப நினைவில் தேதி பிசகலாம். அதற்காகப் பொய் என்று ஒதுக்காதீர்கள், ஆவணங்களோடு சேர்த்துப் படியுங்கள்.

உறவு இல்லையே என்கிறீர்கள். இல்லாத உறவைக் கொண்டாட வேண்டாம். அவர்கள் துயரத்தை நம்முடையதாக்கிக்கொள்ள நமக்கு உரிமையும் கிடையாது. பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள், பொர் எங்கே, அப்தா எங்கே என்று வரைபடத்தில் தேடுங்கள். ஃபன்னிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, அந்தக் கவிதைகளைத் தேதி வரிசையிலேயே படியுங்கள். ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டாம்.