மழைக் கோப்புல கோடு வேற, சைபர் வேற: வானிலை, ஆற்று ஓட்டத் தரவை இறக்கி ஒழுங்குபடுத்துறது

வணக்கம். ஸ்க்ரீன்ல தெரியுறது சிங்கப்பூர் சாங்கி வானிலை நிலையத்தோட ஒரு மாசத்து மழைக் கோப்பு. வானிலை ஆய்வு நிலையத்தோட இணையத்தளத்துல நிலையத்தையும் மாசத்தையும் தேர்ந்தெடுத்தா சிஎஸ்வி-யா, அதாவது கமாவால பிரிச்ச அட்டவணைக் கோப்பா, இறங்கும். சாங்கிக்கு நிலையக் குறியீடு எஸ்24. 13 நெடுவரிசை: நிலையம், வருஷம், மாசம், நாள், அன்னைக்கு மொத்த மழை, அதிகபட்ச 30, 60, 120 நிமிட மழை, அப்புறம் மூணு வெப்பநிலை, ரெண்டு காற்று வேகம்.

ஒரு கோப்பு ஒரு மாசம். பத்து வருஷத்துக்கு 120 கோப்பு. கையால இறக்க வேண்டாம், கோப்புப் பெயர்லயே நிலையமும் வருஷம்-மாசமும் இருக்கு, அதை வச்சு திரும்பத் திரும்ப ஓடுற ஒரு சின்ன நிரல், அதாவது லூப், போதும். ஒவ்வொரு கோப்புக்கும் நடுவுல ஒரு விநாடி விடுங்க. அரசாங்கத் தளத்தை விடாம தட்டுறது நல்ல பழக்கம் இல்ல.

120 கோப்பையும் ஒண்ணா படிக்கும்போதுதான் முதல் அடி விழும். பைத்தான் நிரல் "யூனிகோட் டிகோட் எரர்"னு நின்னுடும். காரணம் ஒரு கோடு. அளவு இல்லாத இடத்துல அவங்க வெறுமனே விடாம நீளக் கோடு ஒண்ணு போடுறாங்க. எழுத்துகளைச் சேமிக்க ரெண்டு முறை: சில கோப்புல அந்தக் கோடு யுடிஎஃப்-8-ல இருக்கும், சிலதுல பழைய விண்டோஸ் 1252 முறையில இருக்கும். முதல்ல யுடிஎஃப்-8-ல முயற்சி பண்ணுங்க, பிழை வந்தா 1252-க்கு மாறுங்க. ரெண்டு கோடும் சாதாரண ஹைஃபனும் "அளவு இல்லை"ன்னு சொல்லிக் கொடுங்க. தலைப்பு எழுத்தை நம்பாம, நெடுவரிசையை வரிசை எண்ணால எடுங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒரு இடத்துல மாறினாலும் 13 நெடுவரிசை 14 ஆயிடும்.

இப்போ நிறைய பேர் பண்றது: கோடு தொந்தரவா இருக்கேன்னு எல்லாத்தையும் சைபரா மாத்திடுறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சைபர்னா மழைமானி வேலை செஞ்சுது, மழை இல்ல. கோடுன்னா நமக்குத் தெரியாது. டிசம்பர்ல நாலு நாள் கோடு இருந்து அதை சைபர் ஆக்கினா, வடகிழக்குப் பருவமழை நடுவுல நாலு நாள் வறட்சியை நீங்களே உண்டாக்கிட்டீங்க.

பாண்டாஸ், அதாவது பைத்தானோட அட்டவணைத் தரவு நூலகம், பயன்படுத்துறவங்க இதைக் கேட்டுக்கோங்க. ஒரு நாள் முழுக்க அளவே இல்லாத வரிசையை "சம்" போட்டா பாண்டாஸ் தர்ற விடை சைபர். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நீங்க பத்திரமா காலியா வச்சிருந்ததை அதுவே சைபர் ஆக்கிடும். "மின் கவுண்ட்" (min_count)னு ஒரு அமைப்பு இருக்கு, குறைஞ்சது இத்தனை அளவு இருந்தாத்தான் கூட்டணும்னு அதுல சொல்லிடுங்க.

இது ரொம்பத் தேவைப்படுறது 5 நிமிட மழைத் தரவுக்கு. டேட்டா டாட் கவ் டாட் எஸ்ஜி-ல தீவு முழுக்க இருக்குற மழைமானிகளோட அளவு ஏபிஐ, அதாவது நிரல்ல இருந்தே தரவு கேட்குற வசதி, வழியா கிடைக்குது, தேசியச் சுற்றுப்புற வாரியத்தோட தரவு. தேதி கொடுத்தா அந்த நாள் தரவு வரும். ஒரு மானிக்கு ஒரு நாளைக்கு 288 அளவு வரணும். நான் மின் கவுண்ட் 274 வைப்பேன், அதாவது 95 விழுக்காடு. அதுக்குக் கீழே இருந்தா அந்த நாள் மொத்தம் காலி.

புது ஏபிஐ ஒரு நாள் தரவை ஒரே பதில்ல தராது, பக்கம் பக்கமாத் தரும். பதிலோட கடைசியில அடுத்த பக்கத்துக்கு டோக்கன் இருக்கும். அதைக் கவனிக்காம முதல் பக்கத்தோட நின்னுட்டா அந்த நாள்ல ஒரு பகுதி மழைதான் கையில இருக்கும். நம்ம ஊர்ல கொட்டுறதெல்லாம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதானே! 288-ஐ எண்ணிப் பாருங்க, உடனே தெரிஞ்சிடும். 429-னு பதில் வந்தா வேகமாக் கேட்குறீங்கன்னு அர்த்தம், கொஞ்சம் நின்னு திரும்பக் கேளுங்க.

ஏபிஐ தர்ற ஜேசன் கோப்பை நீள வடிவத்துல வைங்க: நேரம், நிலையம், அளவு, மூணே நெடுவரிசை. நிலையங்கள் சில நாள் வரும், சில நாள் வராது. முதல்லயே அகல அட்டவணை போட்டா நெடுவரிசை இடம் மாறி, கிளமெண்டி மழை ஆங் மோ கியோவுல பெய்யும்.

அந்த 5 நிமிட அளவு ஒரு மொத்தம். அளவோட பக்கத்துல குறிச்சிருக்குற நேரம் அந்த 5 நிமிடத்தோட முடிவுன்னா, நள்ளிரவு 00:00 அளவு நேத்து மழை. சரிபார்க்க வழி இருக்கு: எஸ்24-ஓட 5 நிமிட அளவைக் கூட்டி, முதல்ல இறக்கின தினசரிக் கோப்போட ஒப்பிடுங்க. நள்ளிரவு தாண்டிப் பெய்த ஒரு நாளை எடுத்துக்கோங்க, ரெண்டு விதமாவும் கூட்டிப் பாருங்க, எது ஒத்துப்போகுதோ அதை வைங்க.

எல்லை சோதனையும் போட்டுடுங்க. சிங்கப்பூர்ல ஒரு நாள்ல பதிவான அதிகபட்ச மழை 512.4 மி.மீ., 1978 டிசம்பர் 2. அதைத் தாண்டி எதுவும் வந்தா முதல்ல உங்க நிரலைச் சந்தேகப்படுங்க. வருஷ மொத்தம், 1991–2020 சராசரி 2113.3 மி.மீ. உங்களுக்கு 1100 வந்தா பாதி தரவு எங்கேயோ விழுந்திருக்கலாம். வெப்பநிலைக்கு மேல் எல்லை 37.0 டிகிரி செல்சியஸ்.

சரி, ஆற்று ஓட்டம். நம்ம கால்வாய்கள்ல நீர் முகமையான பியூபி வச்சிருக்குற உணரிகள் காட்டுறது நீர்மட்டம். மட்டம் வேற, ஓட்டம் வேற. மட்டத்தை விநாடிக்கு இத்தனை கன மீட்டர்னு மாத்த, அந்த இடத்துக்கே அளந்து போட்ட மட்டம்–ஓட்டம் வளைகோடு வேணும். கடல் ஏற்றம் எட்டுற கால்வாய்ல மழையே இல்லாமலும் மட்டம் ஏறும். அதனால பாலிடெக்னிக், பல்கலைக்கழகப் பிள்ளைங்க ஓட்டத் தரவு பழகணும்னா அமெரிக்க நிலவியல் ஆய்வகம், யுஎஸ்ஜிஎஸ், அங்கே போங்க. இலவசம், நீளமான பதிவு, ஒழுங்கான குறியீடு.

வாஷிங்டன் பக்கத்துல போடோமாக் ஆறு, நிலையம் 01646500. 1930-ல இருந்து தினசரி ஓட்டம் இருக்கு. கேட்க வேண்டிய குறியீடு 00060, அது ஓட்டம். 00065 கேட்டா நீர்மட்டம் வரும். தினசரி சராசரிக்கு 00003.

கோப்பைத் திறந்து காட்டுறேன். மேல ஹாஷ் குறி போட்ட குறிப்பு வரிகள், அப்புறம் தலைப்பு வரி. அதுக்குக் கீழே "5எஸ், 15எஸ், 20டி"ன்னு ஒரு விநோத வரி. அது தரவு இல்ல, ஒவ்வொரு நெடுவரிசையோட அகலமும் வகையும். அதைத் தூக்கலன்னா முழு நெடுவரிசையும் எழுத்தாப் படிக்கப்படும், சராசரி போட்டா பிழை. நெடுவரிசையைப் பிரிக்குறது கமா இல்ல, டேப் (Tab) குறி. நிலைய எண்ணை எழுத்தாத்தான் படிக்கணும், எண்ணாப் படிச்சா முன்னாடி இருக்குற சைபர் போயிடும்.

அளவுக்குப் பக்கத்து நெடுவரிசையை வெட்டி எறியாதீங்க. "ஏ"ன்னா அங்கீகரிச்ச அளவு, "பி"ன்னா தற்காலிகம், பின்னாடி மாறலாம். "இ" மதிப்பீடு. குளிர்காலத்துல எண் இருக்க வேண்டிய இடத்துல "ஐஸ்"னு எழுத்தே வரும். -999999 வந்தாலும் அளவு இல்லைன்னுதான் அர்த்தம். அது ஒண்ணே ஒண்ணு தப்பிச்சாலும் 30 நாள் சராசரி 33,000-க்கு மேல கீழே விழும். அலகு விநாடிக்குக் கன அடி, 0.0283168-ஆல பெருக்கினா விநாடிக்குக் கன மீட்டர்.

நேரத்துலதான் எல்லாரும் மாட்டுறது. தினசரி அளவை வெறும் தேதியாவே வைங்க, சிங்கப்பூர் நேரத்துக்கு மாத்தாதீங்க. 12, 13 மணி நேர வித்தியாசத்துல தேதியே நகர்ந்துடும். 15 நிமிட அளவுன்னா பக்கத்துல இருக்குற நேர மண்டலக் குறியீட்டை வச்சு யுடிசி-க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாத்துங்க, ஏன்னா நவம்பர்ல கடிகாரத்தைப் பின்னாடி திருப்புற ராத்திரி 1 மணி ரெண்டு தடவை வரும். நம்ம ஊருக்கும் ஒரு கண்ணி இருக்கு: 1982 பிறக்குற வரைக்கும் நம்ம நேரம் யுடிசி-யில இருந்து 7:30, 8 இல்ல. பழைய மணிவாரித் தரவு எடுத்தா +8-னு கையால எழுதாம, "ஏசியா சிங்கப்பூர்" மண்டலப் பெயரைக் கொடுங்க.

அப்புறம் மழையையும் ஓட்டத்தையும் சேர்க்குறது. அமெரிக்காவுல தன்னார்வப் பார்வையாளர்கள் பல பேர் காலை 7 மணி வாக்குல மானியைப் பார்ப்பாங்க. 5-ஆம் தேதின்னு எழுதின மழையில பெரும்பகுதி 4-ஆம் தேதி பெய்தது. ஓட்டமோ நள்ளிரவுல இருந்து நள்ளிரவு வரைக்கும். அப்படியே சேர்த்தா, வரைபடத்துல மழை வர்றதுக்கு முன்னாடியே ஆறு ஏறுற மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா உங்க கணிப்பு மாதிரியைக் குறை சொல்லாதீங்க, மழைமானியோட பார்வை நேரத்தைத் தேடுங்க.

சேர்க்கும்போது முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் ஒரு முழு நாள்காட்டி உண்டாக்கி, ரெண்டையும் அதுல ஒட்டுங்க. நேரடியா ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்தா விடுபட்ட நாள் சத்தமில்லாமக் காணாமப் போகும், "மூணு நாள் முன்னாடி மழை"ன்னு கணக்குப் போடுறது உண்மையில ஆறு நாள் முன்னாடியா இருக்கும்.

மூலக் கோப்பைத் தனி ஃபோல்டர்ல, இறக்கின தேதியோட, படிக்க மட்டும்னு பூட்டி வைங்க. தற்காலிக அளவு மாறும், தள முகவரியும் மாறும். யுஎஸ்ஜிஎஸ் இப்பவே புது ஏபிஐ-க்கு நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. எக்செல்ல பார்க்கணும்னா நகலைத் திறங்க. மூலத்தையே டபுள் கிளிக் பண்ணிச் சேமிச்சா 01646500 அன்னைக்கே 1646500 ஆயிடும்.