சமூக ஊடகம் பாலியல் நலக் கல்விக்குத் துணையா, தடையா? ‘தடையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘வீட்டில் கேட்க முடியாததைப் பிள்ளைகள் டிக்டாக்கில் கேட்கிறார்கள், கூச்சம் போய்விட்டது’ என்றார் எதிரணித் தோழி. ஒப்புக்கொள்கிறேன். கூச்சம் போன இடத்தில் எது வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதானே இன்றைய வழக்கு!

சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தி, கருத்தரிக்காமல் தடுக்க என்ன செய்யலாம் என்று கைப்பேசியில் தேடுகிறாள். சென்னையிலிருந்து ஒரு காணொளி: ‘மெடிக்கல் ஷாப்புல கேளுங்க, குடுப்பாங்க.’ இந்தியாவில் அது சரி. சிங்கப்பூரில் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, ஞாயிறு கழிந்து, திங்கள் வகுப்பு முடிந்து அவள் மருத்துவரைப் பார்ப்பதற்குள் பாதி நேரம் போயிருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற 1.5 மில்லிகிராம் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும்; சீக்கிரம் விழுங்கினால் பலன் அதிகம். அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மருந்து. முட்டை வந்துவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று விழுங்க வேண்டும். 72 மணி தாண்டினால் யூலிப்ரிஸ்டல் என்ற வேறு மாத்திரை, அதுவும் 120 மணி வரைதான்.

மருத்துவர் என்ன கேட்பார்? கடைசி மாதவிலக்கு எப்போது, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்பார். வலிப்பு மருந்தான கார்பமசிபினும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். காணொளி கேட்பது ஒன்றே ஒன்று: ‘லைக் போட்டீங்களா?’

‘மருத்துவர்களும்தான் காணொளி போடுகிறார்கள்’ என்பார்கள். போடுகிறார்கள், நல்லவர்கள்தான். ஆனால் அரை நிமிடத்துக்குள் அடக்க எதை வெட்டுகிறார்கள்? நாள் கணக்கையும் மணிக் கணக்கையும்! ‘எச்ஐவி சோதனை செய்யுங்கள்’ என்பது மிஞ்சும். எப்போது என்பது போய்விடும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை தொற்றுக்குப் பிறகு கிருமியைக் காட்ட 18 முதல் 45 நாளாகும். விரல்நுனி ரத்தத்தில் செய்யும் சுயசோதனைக்கு 90 நாள் வரைகூட ஆகலாம். மறுநாளே சோதித்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாகத் தூங்கும் பையன், எச்ஐவி தொற்றாமல் காக்கும் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டிய 72 மணி நேரத்தைத் தூங்கியே கழிக்கிறான். அந்த மருந்தை உடனே தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அப்புறம் நம் தேங்காய் எண்ணெய். ‘ஆணுறையோடு தடவுங்கள், இயற்கையானது, உராய்வு குறையும்’ என்று ஒரு ரீல். தலைக்குத் தேய்க்கட்டும், யார் தடுத்தார்? லேட்டக்ஸ் என்னும் ரப்பரால் ஆன ஆணுறையில் எந்த எண்ணெய் பட்டாலும் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். நீர் அல்லது சிலிக்கோன் கலந்த வழவழப்புக் களிம்புதான் சரி. இரண்டு ஆணுறை போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது இன்னொரு புரளி. ஒன்றோடொன்று உரசிக் கிழியவே வாய்ப்பு.

எதிரணி பெருமையாகக் காட்டிய ‘பால்வினை நோயின் ஐந்து அறிகுறிகள்’ காணொளிக்கு வருகிறேன். கிளமிடியா என்ற பால்வினை நோய் தொற்றிய பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது! ஐந்தும் இல்லை என்று மாணவன் நிம்மதியாக இருப்பான், கவனிக்காமல் விட்டால் அவன் தோழிக்குக் கருக்குழாய் அடைபடலாம். இத்தனைக்கும் சோதனை எளிது: ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதைக் குப்பியில் பிடித்தால் போதும். சிங்கப்பூரின் கிளந்தான் லேனில், பால்வினை நோய்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் தரும் டிஎஸ்சி மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. அந்த ஐந்து அறிகுறிக் காணொளி அவனை அங்கே அனுப்பியதா, வீட்டிலேயே உட்கார வைத்ததா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.